ஈசிஜி நார்மல், நெஞ்சு மட்டும் படபடக்கிறது: பேச்சு சிகிச்சைக்குப் போவது எப்படி

நான் மூன்று தடவை ஈசிஜி எடுத்தவன். மூன்றும் நார்மல். முதல் தடவை மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஏறி திருநகர் போய்க்கொண்டிருந்தேன், சாயங்காலக் கூட்டம், பழங்காநத்தம் தாண்டியதும் ஒரு காரணமும் இல்லாமல் நெஞ்சு திம் திம் என்று அடிக்க ஆரம்பித்தது, விரல் நுனியெல்லாம் மரத்துப்போனது, மூச்சு பாதியிலேயே நிற்கிற மாதிரி இருந்தது, சரி, கதை முடிந்தது என்றே நினைத்தேன். இறங்கி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினால், டியூட்டி டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு கேஸ்தான் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டாவது தடவையும் கேஸ். மூன்றாவது தடவை இருந்த வயதான டாக்டர்தான், "தம்பி, உங்க ஹார்ட் நல்லா இருக்கு, இது பயத்தால வர்றது, ஒரு சைக்காலஜிஸ்ட்டைப் பாருங்க" என்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. என்னைப் பார்த்தால் கீழ்ப்பாக்கம் கேஸ் மாதிரியா தெரிகிறது என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அப்புறம் நான் போவதற்கு நாலு மாதம் ஆனது.

அந்த நாலு மாதத்தை நீங்களும் தொலைக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் டாக்டரும் இல்லை, கவுன்சலரும் இல்லை, ஆடிட்டர் ஆபீசில் கணக்குப் பார்க்கிறவன். பேச்சு சிகிச்சைக்கு, அதாவது மனநலம் படித்தவரிடம் உட்கார்ந்து பேசி இந்தப் பதற்றத்தைச் சரிசெய்கிற சிகிச்சைக்குப் போய்வந்தவன். போனபோது என்னவெல்லாம் தெரியாமல் முழித்தேனோ அதைச் சொல்கிறேன்.

உடம்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்

நெஞ்சு வலி, படபடப்பு முதல் தடவையாக வந்தால் அதைப் பயம் என்று நீங்களே முடிவு கட்டக் கூடாது, டாக்டர்தான் முடிவு கட்ட வேண்டும். தைராய்டு கூடுதலாக வேலை செய்தாலும் இதே படபடப்பு வரும், இதே கை நடுக்கம், இதே வியர்வை. ரத்தச்சோகையிலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் அடிப்பவர்களுக்கு அதனாலேயே கொஞ்ச நேரம் படபடக்கலாம். ஒரு நாளைக்கு எத்தனை காபி என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள், நான் ஆறு குடித்துக்கொண்டிருந்தேன். இந்தச் சோதனைகளை ஒரு தடவை செய்து எல்லாம் சரி என்று வந்துவிட்டால், அதோடு நிறுத்துங்கள். திரும்பத் திரும்ப ஈசிஜி எடுப்பது ஏன் பயத்தைக் கூட்டும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

யாரிடம் போவது

இங்கேதான் எல்லாருக்கும் குழப்பம். சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் எம்பிபிஎஸ் படித்து அதற்கு மேல் மனநல மருத்துவம் படித்த டாக்டர், அவர் மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார், அவருடைய வேலை பேச்சு சிகிச்சையும் மனநல மதிப்பீடும். இந்தியாவில் இவர்களுக்கு ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்கும், கேட்டால் சொல்ல வேண்டும், சொல்லத் தயங்கினால் யோசியுங்கள். மூன்றாவது, கவுன்சலர். எம்எஸ்சி சைக்காலஜி, எம்எஸ்டபிள்யூ படித்துப் பல வருடம் பயிற்சி எடுத்த அருமையான கவுன்சலர்களும் உண்டு, ஒரு வார இறுதியில் சர்டிபிகேட் வாங்கி போர்டு மாட்டியவர்களும் உண்டு. போர்டைப் பார்த்தால் இரண்டு பேருக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் போனிலேயே கேட்டுவிடுங்கள்: என்ன படித்திருக்கிறீர்கள், பதற்றத்துக்கு சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் சோதித்து மாற்றப் பழக்குகிற பேச்சு சிகிச்சை) செய்வீர்களா, வீட்டில் செய்ய ஏதாவது கொடுப்பீர்களா, ஏறக்குறைய எத்தனை அமர்வு ஆகும். "மூணே சிட்டிங்ல கம்ப்ளீட்டா குணமாக்கிடுவோம் சார்" என்று பதில் வந்தால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள்.

பணம் இல்லை என்பதால் போகாமல் இருக்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, மதுரையில் என்றால் பெரிய ஆஸ்பத்திரி என்று நாம் சொல்கிற ராஜாஜி மருத்துவமனையிலேயே இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று ஓடுகிறது, அதன் மருத்துவர்கள் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் வருவார்கள், எந்தக் கிழமை என்று ஆஸ்பத்திரியில் விசாரித்தால் தெரியும். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் 1794-இல் தொடங்கியது, இருநூறு வருடத்துக்கு மேல் மக்களுக்கு வைத்தியம் பார்த்த இடத்தின் பெயரை நாம் வசவாக மாற்றி வைத்திருக்கிறோம், நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். அங்கேயும் காலையில் புறநோயாளியாகப் போய்ப் பார்த்துவிட்டு மதியம் வீட்டுக்கு வரலாம், போனாலே உள்ளே பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்பது சினிமா. ஒரே சிக்கல், அரசு ஆஸ்பத்திரியில் கூட்டம் அதிகம், முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேச எல்லா நாளும் முடியாது. "எனக்கு மருந்தோட கவுன்சலிங்கும் வேணும்" என்று வாய்விட்டுக் கேளுங்கள், கேட்டால் அங்கிருக்கும் சைக்காலஜிஸ்ட்டிடம் அனுப்புவார்கள்.

வீட்டை விட்டுக் கிளம்பவே கைகால் வரவில்லை என்றால் 14416. டெலி மானஸ் என்கிற மத்திய அரசின் இலவச எண், 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104-க்கும் அடிக்கலாம். இலங்கையில் இருப்பவர்களுக்கு 1926. உயிரை விட்டுவிடலாமா என்கிற நினைப்பு வருகிறது என்றால் சைக்காலஜிஸ்ட் அப்பாயின்ட்மென்ட் வரும்வரை காத்திருக்காதீர்கள், இந்த எண்களுக்கு இப்போதே அடியுங்கள், அல்லது பக்கத்தில் இருக்கும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு கேஷுவாலிட்டிக்குப் போங்கள்.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், உடம்பு நோய்க்கு இருக்கிற மாதிரியே மன நோய்க்கும் இன்சூரன்ஸ் தர வேண்டும் என்கிறது. ஆனால் நம்மில் பலரிடம் இருக்கிற பாலிசி படுத்துச் சிகிச்சை எடுத்தால்தான் பணம் தரும், கவுன்சலிங் என்பது ஓபி. உங்கள் பாலிசியில் ஓபி செலவு சேருகிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்க்காமல் பில்லையெல்லாம் அடுக்கி அனுப்பி ஏமாந்தேன். கணக்குப் பார்க்கிறவன் இப்படிச் செய்தது ஆபீசில் இன்னும் யாருக்கும் தெரியாது.

முதல் நாள்

முந்தின இரவே ஒரு காகிதத்தில் நாலு விஷயம் எழுதி வையுங்கள்: எப்போது ஆரம்பித்தது, கடைசியாக எப்போது வந்தது, அப்போது எங்கே என்ன செய்துகொண்டிருந்தீர்கள், இதனால் என்னவெல்லாம் செய்வதை விட்டுவிட்டீர்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். நான் பஸ்ஸை விட்டேன், லிப்டை விட்டேன், கல்யாண மண்டபத்தில் நடு வரிசையில் உட்காருவதை விட்டேன், கடைசியில் முடிவெட்டப் போவதைக்கூட விட்டேன். கழுத்தில் துணி கட்டினால் நடுவில் எழுந்து ஓட முடியாதே!

காகிதம் எதற்கு என்றால், உள்ளே போய் உட்கார்ந்ததும் வாய் வராது. நான் போனபோது சைக்காலஜிஸ்ட் மேடம் "சொல்லுங்க, என்ன விஷயமா வந்தீங்க" என்று கேட்டார், நான் "ஒண்ணுமில்ல மேடம், சும்மாதான்" என்றேன். எண்ணூறு ரூபாய் கட்டிவிட்டுச் சும்மா வந்தவன் நானாகத்தான் இருப்பேன். அப்புறம் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து அப்படியே நீட்டிவிட்டேன். அவர் அதைப் படித்துவிட்டு, முடிவெட்டும் இடத்தில் விரலை வைத்து, "இதைச் சொல்லுங்க முதல்ல" என்றார். அங்கிருந்துதான் பேச்சு ஓடியது.

பதற்றத்துக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று தெரிந்துகொண்டு போக வேண்டியதில்லை, அதற்குப் பதில் உங்கள் வாயில் வருகிற மாதிரியே சொல்லுங்கள். வயிற்றைப் பிசைகிறது, நெஞ்சை அடைக்கிறது, கை கால் ஓடவில்லை, ஈரக்குலை நடுங்குகிறது, மனசு ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. இதெல்லாம் ஒவ்வொன்றும் வேறு வேறு விஷயம், கேட்கிறவருக்கு அந்த வித்தியாசம்தான் வேண்டும். "ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால் அவர் தோண்டித் தோண்டிக் கேட்க வேண்டியிருக்கும்.

பல இடங்களில் பதற்றத்தை அளக்க ஜிஏடி-7 என்று ஒரு தாள் தருவார்கள். ஏழு கேள்வி, கடந்த இரண்டு வாரத்தில் இது இது எத்தனை நாள் தொல்லை கொடுத்தது என்று 0-விலிருந்து 3 வரை போட வேண்டும், மொத்தம் 21. ஐந்திலிருந்து லேசானது, பத்திலிருந்து மிதமானது, பதினைந்திலிருந்து கடுமையானது. பரீட்சை மார்க் மாதிரி இதைப் பார்க்காதீர்கள், அது மட்டுமே நோயைத் தீர்மானிக்காது. ஆனால் அந்த எண்ணைக் குறித்து வையுங்கள், மாதம் ஒரு தடவை திரும்பப் போட்டுப் பார்த்தால் சிகிச்சை வேலை செய்கிறதா என்று தெரியும். எனக்கு முதல் நாள் 16.

சொன்னதெல்லாம் வெளியே போகுமா? போகக் கூடாது, ரகசியம் காக்க வேண்டும் என்று அதே 2017 சட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து, கோர்ட் உத்தரவு என்பது மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு. எழுதுகிற குறிப்பு யார் கைக்குப் போகும் என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. துணைக்கு வந்த மாமியாரோ கணவரோ கூடவே உள்ளே உட்காருவேன் என்றால், "கொஞ்ச நேரம் தனியா பேசணும்" என்று கவுன்சலரிடம் சொன்னால் போதும், வெளியே அனுப்புவது அவர் பொறுப்பு.

ஸ்ட்ரா வைத்தியம்

மனம் விட்டுப் பேசினால் பாரம் குறையும் என்பது உண்மைதான், ஆனால் அதற்கு டீக்கடை போதுமே. என் மாமா "தைரியமா இருடா" என்று ஒரு நாளைக்கு நாலு தடவை சொன்னார், திருப்பரங்குன்றத்துக்குப் போய் முருகனைப் பார்த்துவிட்டு வா என்றார், போனேன், நன்றாகத்தான் இருந்தது, திரும்பி வரும்போது பஸ்ஸில் ஏற முடியவில்லை. பேச்சு சிகிச்சையில் பேச்சு என்பது பாதி. மீதி, பயம் சொல்வதை எடுத்துச் சோதித்துப் பார்ப்பது.

அமெரிக்காவில் பிலடெல்பியாவில் ஆரன் பெக் என்ற மருத்துவர் 1960-களில் கவனித்தது இதுதான். நோயாளிகள் வாயால் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே இன்னொரு எண்ண ஓட்டம் தானாக ஓடுகிறது, அது சட்டென்று வந்துபோகும், அதை அவர்கள் கேள்வி கேட்பதே இல்லை. அந்தத் தானாக வரும் எண்ணத்தைப் பிடித்துக் கேள்வி கேட்கப் பழக்குவதிலிருந்துதான் சிபிடி வளர்ந்தது. பஸ்ஸில் எனக்கு நடந்ததும் அப்படித்தான். கூட்டத்தில் புழுக்கம், நெஞ்சு லேசாக வேகமாக அடித்தது. "ஐயோ, ஹார்ட் அட்டாக்" என்று ஒரு எண்ணம். அந்த எண்ணத்தால் பயம், பயத்தால் வேக வேகமாக மூச்சு, மூச்சு அதிகமானதால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து விரல் மரத்து தலை சுற்றியது, மரத்ததைப் பார்த்ததும் "பார்த்தியா, நான் சொன்னேன்ல" என்று முதல் எண்ணத்துக்குச் சாட்சி கிடைத்தது. செக்கு மாடு மாதிரி சுற்றிச் சுற்றி அதே இடம்.

இதை மேடம் வெள்ளைத் தாளில் வட்டம் போட்டுக் காட்டினார், நானும் தலையாட்டினேன், நம்பவில்லை. மூன்றாவது அமர்வில் மேஜை டிராயரைத் திறந்து இரண்டு ஸ்ட்ரா எடுத்தார், ஜூஸ் கடையில் கொடுக்கிற மெல்லிய ஸ்ட்ரா. "மூக்கைப் பிடிச்சுக்கிட்டு இது வழியா ஒரு நிமிஷம் மூச்சு விடணும், நானும் விடுறேன்" என்றார். இருபதாவது விநாடியில் எனக்குத் தொண்டை இறுகியது, முப்பதில் ஸ்ட்ராவைத் துப்பிவிட்டேன். அவர் நிறுத்தவில்லை, கண்ணில் தண்ணீர் வர முழு நிமிடமும் செய்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து, "எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு, இப்ப எப்படி இருக்கேன்?" என்றார். நன்றாகத்தான் இருந்தார். அடுத்து, வேண்டுமென்றே வேகவேகமாக மூச்சு இழுத்து விடச் சொன்னார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, என் வலது கை விரல் நுனி மரத்தது. பஸ்ஸில் வந்த அதே மரமரப்பு! ஏசி அறையில், நாற்காலியில், நானே வரவழைத்தது. நாலு மாதமாக எதை ஹார்ட் அட்டாக் என்று நம்பினேனோ அதை ஒரு நிமிட மூச்சில் செய்துகாட்ட முடிகிறது என்றால் என்ன அர்த்தம்? எனக்குப் பிடி கிடைத்தது அன்றைக்குத்தான்.

இதை வீட்டில் தனியாகச் செய்து பார்க்காதீர்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் கண்டிப்பாகச் செய்யக் கூடாது. அவரும் என் மூன்று ஈசிஜியையும் பார்த்த பிறகுதான் செய்தார்.

எண்ணத்துக்குக் கணக்கு எழுதுவது

வீட்டுப்பாடம் இல்லாத சிபிடி, உப்பில்லாத குழம்பு. வாரத்தில் ஒரு மணி நேரம்தான் அந்த அறையில் இருக்கிறீர்கள், மீதி 167 மணி நேரம் வெளியேதான். அதில் முக்கியமானது எண்ணப் பதிவு. எனக்கு இது சீக்கிரம் பிடிபட்டது, பற்று வரவு எழுதிப் பழகிய கை. உதாரணத்துக்கு நான் எழுதிய ஒன்று.

நடந்தது: மதியம் மூன்று மணிக்கு ஆடிட்டர், "சாயங்காலம் போறப்ப என்னைப் பாத்துட்டுப் போ" என்றார். உடம்பில்: வயிற்றைப் பிசைந்தது, கை வியர்த்தது. உடனே வந்த எண்ணம்: போன மாதம் ஜிஎஸ்டி ரிட்டர்னில் தப்பு செய்திருக்கிறேன், வேலை போகப் போகிறது. அதை எவ்வளவு நம்புகிறேன்: நூற்றுக்கு 85. அந்த எண்ணத்துக்குச் சாட்சி: அவர் சிரிக்கவில்லை. வேறு? வேறு இல்லை. எதிர்ச் சாட்சி: அவர் எப்போதுமே சிரிக்க மாட்டார், தப்பு இருந்தால் சாயங்காலம் வரை காத்திருக்கிற ஆள் இல்லை, அங்கேயே கத்துவார், ஒன்பது வருடத்தில் இப்படி எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறார். வேறு என்னவாக இருக்கலாம்: ஏதாவது வேலை சொல்லலாம், தப்பாகவும் இருக்கலாம், தப்பு என்றால் திருத்தி விடலாம். இப்போது எவ்வளவு நம்புகிறேன்: 40.

சாயங்காலம் போனால், மறுநாள் அவர் வர லேட்டாகுமாம், ஆபீஸ் சாவியைக் கொடுத்தார்.

இதில் கவனிக்க வேண்டியது, 85 பூஜ்யமாகவில்லை, 40 ஆனது. அதுவே போதும். "எல்லாம் நல்லதாகவே நடக்கும்" என்று எழுதச் சொல்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி எழுதினால் மனசு நம்பாது, அது நம்மைவிடக் கெட்டிக்காரத்தனமான ஆடிட்டர். உண்மையில் என்ன சாட்சி இருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை, சில சமயம் பயம் சொல்வது சரியாகவும் இருக்கும், அப்போது அதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும். முதல் இரண்டு வாரம் அபத்தமாகத்தான் எழுதுவீர்கள், பரவாயில்லை. அழகான டைரி வாங்காதீர்கள், எழுத மனம் வராது. நான் பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினேன்.

திரும்ப பஸ் ஏறுவது

இது இல்லாமல் பதற்றச் சிகிச்சை முழுமை ஆகாது, இதைத்தான் எல்லாரும் தள்ளிப்போடுகிறோம். எக்ஸ்போஷர் என்பார்கள், பயந்து ஒதுங்கியதைப் படிப்படியாகத் திரும்பச் செய்வது. முதலில் பயத்துக்கு 0-விலிருந்து 100 வரை எண் போட வேண்டும், இந்த எண் முறை ஜோசப் வோல்பி என்ற மருத்துவர் கொண்டுவந்தது. என் ஏணி ஏறக்குறைய இப்படி இருந்தது: பஸ் ஸ்டாப்பில் அரை மணி நேரம் நின்று பஸ்களை வேடிக்கை பார்ப்பது 20, காலை பதினோரு மணிக்கு மனைவியோடு காலி பஸ்ஸில் இரண்டு ஸ்டாப் 35, அதே பஸ்ஸில் தனியாக 50, தனியாகத் திருநகர் வரை 65, சாயங்காலக் கூட்டத்தில் நின்றுகொண்டு 90. எளிதானதில் ஆரம்பித்து, ஒவ்வொன்றையும் அலுத்துப்போகும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

முக்கியமான விஷயம், ஏறும் முன்னால் "இன்று என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன்" என்று எழுதி வைக்க வேண்டும். மயங்கி விழுவேன் என்று எழுதினேன். இறங்கியதும் அதன் எதிரே என்ன நடந்தது என்று எழுத வேண்டும். விழவில்லை. படபடத்தது, வியர்த்தது, பக்கத்துச் சீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்தார். பதினேழு தடவை மயங்குவேன் என்று எழுதினேன், பதினேழு தடவையும் மயங்கவில்லை, அதற்கப்புறம் எழுதவே கூச்சமாகிவிட்டது.

நடுவில் ஒரு ஓட்டை இருந்தது, என் கண்ணில் படவில்லை. கையில் எப்போதும் தண்ணீர் பாட்டில், பர்சில் ஒரு மாத்திரை, படிக்கட்டுப் பக்கத்துச் சீட், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மணிக்கட்டில் நாடி பார்ப்பது. பஸ்ஸில் போய்விட்டு வந்தேன் என்று பெருமையாகச் சொன்னேன். மேடம் கேட்டார்: "உங்களை அந்த பாட்டில் காப்பாத்துச்சா, இல்ல நீங்க தப்பிச்சதுக்கு பாட்டிலுக்குப் பேர் கிடைச்சுதா?" இந்த மாதிரித் துணைகள் இருக்கிற வரைக்கும் மனசு, "பாட்டில் இருந்ததால் பிழைத்தோம்" என்றே கணக்கு எழுதும். திரும்பத் திரும்ப ஈசிஜி எடுப்பதும் இதே ரகம், எடுத்த அன்றைக்கு நிம்மதி, நாலாவது நாள் "அதற்கப்புறம் ஏதாவது ஆகியிருந்தால்?" ஒவ்வொன்றாக விட வேண்டும். எனக்கு மாத்திரையை விடுவதைவிட பாட்டிலை விடுவது கஷ்டமாக இருந்தது, வெயில் ஊர், நியாயமான சாக்கு கையிலேயே இருந்தது.

ஒரு நாள் பசுமலையிலேயே இறங்கி ஓடிவிட்டேன். எல்லாம் போச்சு என்று நினைத்து அந்த வாரம் அமர்வுக்கே போக வேண்டாம் என்று படுத்திருந்தேன். தயவுசெய்து இப்படிச் செய்யாதீர்கள், போகப் பிடிக்காத வாரத்தில்தான் போக வேண்டும். போனபோது அவர் திட்டவும் இல்லை, ஆறுதலும் சொல்லவில்லை, "நாளைக்கு அதே பஸ், பசுமலைக்கு ஒரு ஸ்டாப் தள்ளி இறங்குங்க" என்றார்.

குரங்கும் கவலை நேரமும்

எனக்குப் படபடப்பு. சிலருக்கு அப்படி வராது, நாள் முழுக்க ஓயாத கவலைதான்: பையன் ஸ்கூலிலிருந்து வந்தானா, கேஸ் மூடினேனா, கடன் தவணை. நினைக்காதே என்றால் நிற்குமா? மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்ற கதைதான். இதையே 1987-இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் சோதனையாகச் செய்தார், அவர் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்றார், எல்லாருக்கும் கரடிதான் வந்தது. அதனால் சிகிச்சையில் தடை போட மாட்டார்கள், நேரம் ஒதுக்குவார்கள். தினமும் அதே இடம், அதே நேரம், இருபது முப்பது நிமிடம், அதில் உட்கார்ந்து கவலைப்பட வேண்டும். மற்ற நேரத்தில் கவலை வந்தால் சீட்டில் எழுதி, "ஆறு மணிக்குப் பார்க்கலாம்" என்று வைத்துவிட வேண்டும். படுக்கையில் வேண்டாம், தூங்கப் போகிற நேரமும் வேண்டாம். என் ஆபீசில் ஒரு அக்கா இதைச் செய்கிறார், ஆறு மணி ஆகும்போது பாதிச் சீட்டு தானாகச் செத்துப்போய்விடுகிறது என்கிறார்.

அந்த அக்காவுக்குப் போனில்தான் கவுன்சலிங். வீட்டில் தனி அறை கிடையாது, துணி காயப்போடுகிற சாக்கில் மொட்டை மாடிக்குப் போய்ப் பேசுகிறார், முக்கால் மணி நேரம் துணி காய்கிறது. பார்க்கிங்கில் நிற்கும் காருக்குள் உட்கார்ந்து பேசுகிறவர்களும் உண்டு. நேரில் போக முடியவில்லை என்பது இப்போது பெரிய தடை இல்லை, ஆனால் இயர்போன் போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

நான் மனைவியிடம் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை "எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்பேன். அவளும் பாவம், "ஒண்ணும் ஆகாதுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அதுவும் ஒரு பாட்டில்தான் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. ஒரு அமர்வுக்கு அவளையும் வரச் சொன்னார்கள், அதற்கப்புறம் அவள் சொல்கிற பதில் மாறியது: "நீங்களே சொல்லுங்க, ஆகுமா?" முதல் வாரம் எனக்கு அவள் மேல் அப்படி ஒரு எரிச்சல். வீட்டில் யாருக்காவது பதற்றம் என்றால், ஆறுதல் சொல்வதைத் திடீரென்று நிறுத்தாதீர்கள், அவரோடு பேசி ஒப்புக்கொண்டு மெல்ல மெல்லக் குறையுங்கள்.

மருந்து

பேச்சு சிகிச்சை எடுத்தால் மருந்து கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை, பலருக்கு இரண்டும் சேர்த்துக் கொடுப்பார்கள். பதற்றத்துக்குப் பொதுவாகக் கொடுக்கும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், நாலு நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்தாதீர்கள், சரியாகிவிட்டது என்று நீங்களாகவும் நிறுத்தாதீர்கள். அல்பிரசோலம் மாதிரி உடனே அமைதிப்படுத்துகிற மாத்திரைகள் வேறு ரகம், பழகிவிடும், தெரிந்த மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கிப் போடும் பழக்கம் இருந்தால் அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். இதற்கு மேல் மருந்து பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்

சிபிடி என்றால் வாரம் ஒன்றாக ஏறக்குறைய 12-இலிருந்து 20 அமர்வு வரை போகும். ஆறு, எட்டு அமர்வு ஆகியும் ஜிஏடி எண் அசையவில்லை, விட்டுப்போன எதையும் திரும்பச் செய்ய ஆரம்பிக்கவில்லை என்றால், நேராகவே கேளுங்கள்: "மேடம், எனக்கு மாற்றம் தெரியல, வேற ஏதாவது செய்யணுமா?" நல்ல ஆளாக இருந்தால் கோபப்பட மாட்டார், திட்டத்தை மாற்றுவார், அல்லது வேறு ஒருவரிடம் அனுப்புவார். சாதி என்னவென்று தேவையில்லாமல் கேட்கிறவர், தன் மதத்துக்கோ குருவுக்கோ ஆள் சேர்க்கிறவர், இன்னொரு நோயாளியின் கதையை ஊர் பெயரோடு உங்களிடம் சொல்கிறவர், அமர்வு முழுக்கத் தன் பெருமையையே பேசுகிறவர், இவர்களிடம் இரண்டாவது தடவை போக வேண்டாம். ஆள் நல்லவர், ஆனால் ஒத்துவரவில்லை என்றாலும் மாற்றலாம், டெய்லரை மாற்றுகிற மாதிரிதான், துரோகம் ஒன்றும் இல்லை.

எனக்கு 14 அமர்வு ஆனது. கடைசியில் ஜிஏடி 5. கடைசி மூன்று அமர்வுகளை இரண்டு வாரத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று என்று இடைவெளி விட்டு வைத்தார், திடீரென்று கை விட்ட மாதிரி இருக்கக் கூடாது என்பதற்காக. கடைசி நாள், திரும்ப வந்தால் என்ன செய்வேன் என்று என் கையாலேயே எழுதச் சொன்னார்.

திரும்ப வந்தது. போன தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக் கூட்டத்தில், தோளோடு தோள் இடிக்கிற நெரிசலில் நெஞ்சு திம் திம் என்றது. ஓடவில்லை, ஒரு கடை வாசலில் நின்றேன், பத்து நிமிடத்தில் அடங்கியது, குழந்தைகளுக்குத் துணி எடுத்துக்கொண்டுதான் வந்தேன். ஆனால் அடுத்த வாரம் போன் போட்டு ஒரு அமர்வு கேட்டேன், பழைய பில் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பாட்டில் கொண்டு போனேனா என்றால், ஆமாம், கொண்டு போனேன், அக்டோபர் மாதமானாலும் மதுரை மதுரைதான்.